பத்தைக் கட்டும் பயாலஜி சாரும்

கை ஒடிந்த வருஷம்தான் திசு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. 1987, பிளஸ் ஒன். கொல்லைத் தென்னையில் இளநீர் பறிக்க ஏறினேன். ஏறுவதற்கென்று அப்பா வெட்டி வைத்திருந்த படியில் பாதி உயரத்தில் கால் வழுக்கி, வரப்பில் வலது கையை ஊன்றி விழுந்தேன். ஆஸ்பத்திரியா, கட்டா என்று வீட்டில் பேசி முடிப்பதற்குள் மாமா என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கட்டுக்காரரிடம் கொண்டுபோய்விட்டார். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, கிழிந்த வேட்டித் துணி, அதற்குமேல் நாலு மூங்கில் பத்தை. அந்தக் கோலத்தோடு, முட்டை நாற்றத்தோடு, நாலாம் நாள் வகுப்புக்குப் போனேன்.

அந்த வருஷம் நம் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர் இடம் காலி. தாவரவியல் சார்தான் இரண்டையும் எடுத்தார். போர்ஷன் முடியாது என்று நாங்கள் புலம்பினோம். ஆனால் ஒரே ஆள் இரண்டையும் எடுத்ததால் பூசணித் தண்டும் கோழிக் காலும் ஒரே மேசைக்கு வந்தன. வேறு எந்தப் பள்ளியிலும் அப்படி நடந்திருக்காது என்பது என் கட்சி.

கட்டைப் பார்த்ததும் சார் விசாரிக்கவில்லை. "இங்க வாடா, கையை மேசை மேல வை" என்றார். வகுப்பைப் பார்த்து, "இதுல எது செத்தது, எது உசுரோட இருக்கு?" என்றார்.

"கைதான் சார் செத்துப்போச்சு" என்றது கடைசி பெஞ்சு. சாரே சிரித்துவிட்டார்.

பிறகு பத்தையின் முனையைக் காட்டினார். வெளிப்பக்கம் பளபளவென்று பச்சை, அதற்குள் புள்ளி புள்ளியாக நார்க் கற்றைகள். தோல் பக்கம் நெருங்கியும் உள்பக்கம் கலைந்தும் இருந்தன. "இந்தப் புள்ளியெல்லாம் ஸ்கிளிரன்கைமா, செடியைத் தாங்கிப் பிடிக்கிற திசு. சுவர்ல லிக்னின்னு கெட்டிப்படுத்துற பொருள் ஏற ஏற உள்ள இருக்கிற செல் செத்துப் போயிடும். செத்த பிறகுதான் முழு வேலைக்கே வருது. உள்ள இருக்கிற எலும்பைச் செத்த சமாச்சாரம்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. அதுல செல் இருக்கு, நரம்பு இருக்கு, ரத்தம் ஓடுது. இல்லேன்னா இவன் கை எப்படிடா ஒட்டும்?" செத்த மூங்கில் உயிருள்ள எலும்பைத் தாங்கிக்கொண்டிருப்பதைத் தெரிந்துகொள்ள முப்பது பேர் என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். வலி எனக்கு.

ஆய்வகத்தில் ஒரே ஒரு நுண்ணோக்கி. ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து மேலே திருப்ப வேண்டும். மேகம் வந்தால் வகுப்பு நின்றுவிடும். பாதி பிளேடால் பூசணித் தண்டை மெலிதாகச் சீவி, சாப்ரனின் சாயம் ஒரு சொட்டு. லிக்னின் ஏறிய இடம் செக்கச்செவேல் என்று தெரியும். மேடு மேடாக இருக்கும் ஓரத்தில் கோலன்கைமா, மூலைகள் மட்டும் தடித்த உயிருள்ள செல்கள். கொடி வளையவும் வேண்டும், ஒடியவும் கூடாது, அதற்குத்தான் அது. அதற்கு உள்ளே சிவப்பு வளையமாக ஸ்கிளிரன்கைமா. இலையைச் சீவுவதுதான் பெரும்பாடு, மடங்கி மடங்கிப் போகும். அதற்கு சார் நெட்டி என்ற நீர்ச்செடியின் தண்டுத் துண்டு கொண்டு வருவார். நடுவில் கீறி, இலையைச் செருகி, இரண்டையும் சேர்த்துச் சீவினால் சுத்தமாக வரும்.

நெட்டியைத் தண்டின் உள்ளே இருக்கும் சோறு என்றே எல்லோரும் நினைக்கிறோம். சார் ஒப்புக்கொள்ள மாட்டார். அது சைலம்தான், தண்ணீர் கடத்தும் திசு, முறையான மரக்கட்டை. செல் சுவர் மெலிந்து போனதால் பஞ்சு மாதிரி கனமில்லாமல் இருக்கிறது என்பார். 2020ல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, நெட்டியில் செய்த பெரிய கோயில் படத்தைப் பார்த்து எனக்கு இலைதான் ஞாபகம் வந்தது.

கொய்யாப்பழத்தைக் கடிக்கச் சொல்லிவிட்டு, "நறநறங்குதா? அது கல் செல்" என்பார். தேங்காய் ஓடு முழுக்க அதே ஜாதி. கோழிக்கால் எலும்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நாள் போட்டு வைத்தார். சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய் கொலாஜன் என்ற புரதம் மட்டும் மிஞ்சியது. எலும்பை ரப்பர் மாதிரி வளைத்துக் காட்டினார். இன்னொன்றை அடுப்பில் சுட்டெடுத்தார். அதில் கொலாஜன் போய்ச் சுண்ணாம்பு மட்டும். விரலால் நசுக்கியதும் பொடிந்தது.

ஆனால் நான் மறக்காதது அவர் சொன்ன பாசனக் கணக்கு. எலும்புக்குள் ரத்தக் குழாய் ஓடும் ஹேவர்சியன் கால்வாய்களைப் படம் போட்டு, "புது ஆறு, கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால்" என்று பெயர் வைத்தார். "எலும்பு ஆத்துப் பாசனம்டா. ஒடிஞ்சாலும் தண்ணி வந்துடும், விளைஞ்சுடும். குருத்தெலும்பு மானாவாரி. அதுக்குள்ள ரத்தக் குழாயே கிடையாது. பக்கத்துல கசியறதைக் குடிச்சுத்தான் பொழைக்கணும். அது தேஞ்சா தேஞ்சதுதான்." செடியில் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டோம். "இவன் விழுந்த தென்னையைப் போய்ப் பாருங்க" என்றார். மாமரத்தில் பெயரைச் செதுக்கினால் ஓரம் தடித்து மெல்ல மூடிக்கொள்ளும், புதுச் செல்களை உண்டாக்கும் கேம்பியம் இருப்பதால். தென்னை ஒருவித்திலை, கேம்பியம் இல்லை. வெட்டிய படி வெட்டியபடியே நிற்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை ஏறியது. பத்து நாள் கழித்து சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு ஊருக்குப் போனேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எந்தத் தோப்பைப் பார்த்தாலும் மரங்கள் படுத்துக் கிடந்தன. அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. எங்கள் கொல்லையில் நான் விழுந்த மரமும் வேரோடு சாய்ந்திருந்தது. ரம்பம் போட்டு அறுத்த முகத்தைப் பார்த்தேன். ஓரம் கறுத்து இரும்பு மாதிரி, நடு வெளுத்து மெத்தென்று. கற்றைகள் ஓரத்தில் நெருங்கி நடுவில் கலைந்து கிடந்தன. 1987ல் சாரின் மேசையில் பார்த்த அதே புள்ளிகள், சைஸ் மட்டும் பெரிசு. அப்பா வெட்டிய படிகள் முப்பத்தோரு வருஷம் கழித்தும் மூடாமல் இருந்தன. வழுக்கிவிட்ட படியில் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன்.

கை ஒட்டியதைச் சொல்லவில்லையே. லேசாக வளைந்துதான் ஒட்டியது. கட்டுக்காரர் மேல் அம்மாவுக்குக் கடைசி வரை கோபம். அந்தக் கையால் இருபத்தாறு வருஷம் கட்டடத் தளங்களில் வேலை பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. ஏணி ஏறி இறங்கி முட்டிதான் போய்விட்டது. போன வருஷம் டாக்டர் படத்தைக் காட்டி, குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, திரும்ப வளராது என்றார். "மானாவாரி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது.

ஒரு பாக்கி இருக்கிறது. கட்டு இருந்த ஆறு வாரமும் என் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தவன் நான் இல்லை. மூன்றாம் பெஞ்சு ஜன்னலோரம் உட்கார்ந்த நண்பன் வரைந்தான். பூசணித் தண்டின் குறுக்கு வெட்டில் சைலத்தையும், உணவு கடத்தும் புளோயத்தையும் மாற்றிக் குறித்துவிட்டான். சார் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அப்படியும் பத்துக்கு எட்டு கொடுத்தார். நோட்டு இங்கே என் அலமாரியில்தான் இருக்கிறது. அவன் எந்த நாட்டில் இருந்தாலும், இந்த மலர் கைக்கு வந்தால், பழைய மாணவர் சங்கத்தில் என் நம்பரை வாங்கிக் கூப்பிடட்டும். எட்டில் நாலு அவனுடையது.