புளியந்தீவு சலூனில் ஒரு பழைய போஸ்டர்

மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படமெடுப்பார்கள், பிறகு கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். நானும் சுற்றினேன். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வெயில் தாங்காமல் புளியந்தீவில் ஒரு சலூனுக்குள் நுழைந்தேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே சட்டம் போட்ட 'தில்லானா மோகனாம்பாள்' போஸ்டர். 1968இல் வந்த படம். அச்சடித்தது இல்லை, தியேட்டர் வாசலில் வைக்கக் கடைக்காரரின் மாமா கையால் எழுதியதாம். கதிரையில் ஏறிக் கிட்டப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாருங்க மனே, விழுந்திராம."

பெயின்ட் உரிந்த இடங்களில் பென்சில் கோடு தெரிகிறது. மஞ்சள் எழுத்து, வலப்பக்கம் கறுப்பு நிழல். இரண்டு 'னா'வும் பழைய னா: கால் தனியாக நிற்காமல் னகரத்தின் கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுருளும். முதல் சுருளைத் தாராளமாக ஓடவிட்டவர், இரண்டாவதைச் சுருக்கிப் பிடித்திருக்கிறார். 'ம்பாள்' அடங்க வேண்டுமே!

அச்சுப் போஸ்டர்களிலும் அந்தக் காலத்தில் தலைப்பைக் கையால்தான் வரைந்தார்கள். எழுத்தின் வளைவுதான் ஓவியரின் முதலீடு. 1965இல் வந்த 'திருவிளையாடல்', 'எங்க வீட்டுப் பிள்ளை' இரண்டிலும் 'ளை' இருக்கிறது. பழைய ளை யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் தூக்கி நிற்கும். தலைப்புக்கு அதைவிட எடுப்பு வேறென்ன வேண்டும்? பெரியார் 1935இலேயே 'குடி அரசு' இதழில் இந்த வடிவங்களைக் கைவிட்டார். 1978இல் தமிழ்நாட்டு அரசும் அதை ஆணையாக்கியது. அப்போது முதலமைச்சர் யார்? 'எங்க வீட்டுப் பிள்ளை'யின் கதாநாயகன் எம்.ஜி.ஆரேதான்! அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் அது பெரிய உதவி, மறுக்கவில்லை. தலைப்பு எழுதுபவருக்கு நட்டம் என்பேன்.

அந்த ஆணை கடலுக்கு இந்தப் பக்கம் யாரையும் கட்டுப்படுத்தாது. அதனால் பழைய கடைப் பலகைகளில் தும்பிக்கை மிச்சமிருக்கும் என்ற ஆசையில், கல்முனை பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தேன். காத்தான்குடி தாண்டியும் கண்ணில் பட்டதெல்லாம் பிளெக்ஸ். ஒரே கணினி எழுத்தைக் கடைக்குக் கடை இழுத்து அகலமாக்கி வைத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் புளியந்தீவில் பழைய சலூன்களை எட்டிப் பாருங்கள். முடி வெட்டித்தான் ஆகவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் வெட்டினேன், கொஞ்சம் கூடவே ஒட்ட வெட்டிவிட்டார்.