ஷரத்தில் ஏறிய பேர்

ஆடி மாசம் பத்திரம் எழுதுகிறவர்களுக்கு ஈ ஓட்டுகிற மாசம். கிரயத்துக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்தவர்கள்கூட ஆவணி பிறக்கட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். குடியாத்தத்தில் எங்கள் கடை வரிசையில் பாதி ஷட்டர் மதியத்துக்கு மேல் இறங்கிவிடும். அந்த மாசத்திலும் நாள் நட்சத்திரம் பார்க்காமல் வருகிற கூட்டம் ஒன்று உண்டு. வயசான அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, மூலப்பத்திரம், பட்டா, ஆதார் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு அக்காவும் தங்கையுமாக வந்து இறங்குவார்கள். "எக்கா, இன்னிக்கே ரிஜிஸ்டர் முடிஞ்சாவணும்." விசாரித்தால் பாதிக்குப் பாதி ஒரே சேதிதான். கூடப்பிறந்தவன், கையில் குழந்தையோடு இருக்கிற ஒருத்தியைக் கட்டப்போகிறான். இல்லை, கட்டிக்கொண்டு வந்தேவிட்டான். அவள் கைக்குப் போவதற்குள் அம்மா பேரில் இருக்கிற சொத்தை எழுதி முடித்துவிடவேண்டும்.

அவளைப் பற்றி எல்லாம் சொல்வார்கள். எந்த ஊர், என்ன ஜாதி, ஆம்பூர் பக்கம் எந்த ஷூ கம்பெனிக்குப் போகிறாள், பஸ்ஸில் யாரோடு பேசினாள், எல்லாம். கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்: முதல் கல்யாணம் சட்டப்படி முடிந்ததா? புருஷன் செத்துப்போயிருந்தால் இறப்புச் சான்று இருக்கும். பிரிந்து வந்தவள் என்றால்தான் சிக்கல். பஞ்சாயத்தார் முன்னால் 20 ரூபாய் முத்திரைத்தாளில் 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை விவாகரத்து என்று இன்னமும் நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. என்னையே அப்படி எழுதித்தரச் சொல்லி வருவார்கள்; திருப்பி அனுப்பிவிடுவேன். 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி முதல் கல்யாணம் நடப்பில் இருக்கும்போது செய்கிற இரண்டாவது செல்லாது. எங்கள் ஜாதி வழக்கம் என்று வாதாடினாலும், அந்த வழக்கத்தை நிரூபிக்கக் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். ஆகவே தம்பி கட்டப்போகிறவளைச் சந்தேகப்படுகிற அக்காவை நான் தப்பே சொல்லமாட்டேன். கட்டின சூட்டோடு சொத்தை விற்கிற அதிகாரத்தைப் பவர் என்று பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தவனையும் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்பாதது, அந்தச் சந்தேகம் மொத்தமும் நகர்ந்து போய்ப் பிள்ளையின் தலையில் உட்காருவதுதான்.

ஏன் பிள்ளை? இதற்கு எங்கள் ஊர்ப் பழக்கத்திலேயே காரணம் இருக்கிறது. கல்யாணமாகாத தம்பி என்றால் அவன் அக்கா பிள்ளைகளுக்குத் தாய்மாமன். காது குத்த அவன் மடி, வயசுக்கு வந்தால் அவன் சீர், கல்யாணத்துக்கு அவன் வரிசை. நாற்பது வயசு வரை தனிக்கட்டையாக இருக்கிறவன் சம்பாதிப்பது மருமக்களுக்குத்தான் என்று குடும்பமே ஒரு கணக்கு வைத்திருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். புதுசாக வருகிறவள் தனியாக வந்தால் அந்தக் கணக்கு கொஞ்சம்தான் கலையும். அவளுக்குப் பிறக்கப்போவது நம் ரத்தம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஸ்கூல் பை மாட்டின பிள்ளை வந்தால், அதற்கு நாளைக்கே ஃபீஸ் கட்டியாகவேண்டும். "எம்பொண்ணுக்கு தீவாளிக்குப் பாவாட எட்த்தவன், இந்த வருஷம் கடன்னு சொல்டான்க்கா. அந்தப் புள்ளக்கி சைக்கிள் எட்த்துக் குடுத்துக்கீறான்" என்று ஒருத்தி என் மேஜையில் அழுதாள். அவள் பெண்ணுக்கு வராமல் போன பாவாடைக்காகத்தான் அழுதாள். அது பொய்யான துக்கம் இல்லை.

சட்டத்தில் நிலைமை வேறு. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவனுடைய மகன், மகள், மனைவி, தாய் முதல் வகுப்பு வாரிசுகள். அக்கா தங்கை இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருத்தர் இருந்தாலும் இவர்களுக்கு ஒன்றும் வராது. மனைவி தன்னோடு கூட்டிவந்த பிள்ளை இரண்டு வகுப்பிலும் இல்லை. தத்து எடுத்தால்தான் அது மகள் ஆகும். தத்துக்கும் 15 வயசு தாண்டியிருக்கக் கூடாது, பெண் பிள்ளையை எடுக்கிற ஆணுக்கும் அதற்கும் 21 வயசு வித்தியாசம் வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. பதிவுத் துறையின் கணக்கிலும் இதே நிலைமைதான். குடும்பத்துக்குள் விலை வாங்காமல் எழுதிக்கொடுக்கிற செட்டில்மெண்டுக்கு 1 சதவீத முத்திரைத் தீர்வை, அதற்கும் உச்சவரம்பு உண்டு. குடும்பம் என்றால் யார் யார் என்கிற பட்டியலில் தாய் தகப்பன், புருஷன் பெண்டாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் வருவார்கள். மனைவியின் முந்தைய கல்யாணத்துப் பிள்ளைக்கு அதில் இடம் இல்லை. அதற்குப் பாசமாக ஒரு சென்ட் எழுதி வைத்தாலும் வெளியாள் கணக்கில் 7 சதவீதம் கட்டவேண்டும்.

இதையெல்லாம் ஒரு ஆடியில் ஒரு பெரியக்காவுக்குப் பொறுமையாகச் சொன்னேன். வீடும் பின்னால் தென்னை நிற்கிற இடமும் சேர்த்து 7 சென்ட், அம்மா பேரில். தம்பி லுங்கித் தறி ஓட்டுகிறவன். கட்டப்போகிறவள் புருஷனை இழந்தவள். இறப்புச் சான்று, பழைய ரேஷன் கார்டு எல்லாம் சரியாக இருந்தன. பெரியக்கா எட்டாவதோடு நின்றவள். நான் சொல்லி முடித்ததும் யோசித்துவிட்டு, "செரிக்கா, இவன் போனா அவளுக்குப் போவும். அவ போனா?" என்றாள்.

அசந்துபோனேன். அதே சட்டத்தில் ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து அவள் பெற்ற பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் போகும். எந்தப் புருஷனுக்குப் பிறந்த பிள்ளை என்று அங்கே கேள்வி இல்லை. ஆக நேர் வழியில் ஒன்றுமில்லாத பிள்ளைக்கு, அம்மா வழியாகச் சுற்றிக்கொண்டு வர வாய்ப்பு உண்டு. அவள் பயம் ஆதாரமில்லாதது இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு மருந்தும் நேராகவே இருக்கிறது: மகன் தன் ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அவனுக்குப் பின் மகள்களின் பிள்ளைகளுக்குச் சேரும் என்று அம்மா எழுதிவைத்தால் போதும். தம்பியும் ஒத்துக்கொண்டால் நல்லது, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அம்மாவின் சுயார்ஜிதம், அவர் இஷ்டம்.

பெரியக்காவுக்கு அது போதவில்லை. "அந்தப் புள்ளைக்கு பாத்தியதை இல்லைன்னு தனியா ஒரு ஷரத்து போடுங்க." தேவையில்லை, மகனுக்குப் பின் உரிமை யாருக்கு என்று எழுதுவதிலேயே அது அடங்கிவிட்டது என்றேன். "இருக்கட்டும். அவனும் அவளும் படிச்சிப் பாக்கணும்."

பத்திரத்தில் ஒருத்தரை விலக்கவேண்டுமானால் அவரை அடையாளம் காட்டி எழுதவேண்டும். இன்னாருடைய மகள், இத்தனை வயசு, இன்ன பேர். கீபோர்டில் கை வைத்துக்கொண்டு, "புள்ள பேர் இன்னா?" என்று கேட்டேன். பெரியக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை போனை எடுத்து எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தாள். பஸ்ஸில் அவள் யாரோடு பேசினாள் என்பது வரை தெரிந்து வைத்திருந்தவர்களுக்குப் பிள்ளையின் பேர் தெரியவில்லை.

அம்மாவின் ஆதாருக்காக நான் ஏற்கெனவே கட்டைப்பையைக் கொட்டியிருந்தேன். அதில் பிரஷர் மாத்திரை அட்டைகள் இரண்டு. ஒன்றின் முதுகில் நீலப் பேனாவால் 'காலை' என்றும் இன்னொன்றில் 'இராத்திரி சாப்பிட்டு' என்றும் எழுதியிருந்தது. ஸ்கூல் பிள்ளை எழுத்து. 'ரா'வுக்கு முன்னால் 'இ' போட்டு எழுதுகிறவர்கள் நாலாம் வகுப்பு வாத்தியாரும் அவரிடம் படிக்கிறவர்களும்தான். அந்த அட்டைகளை அம்மா மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேரைச் சொன்னார். வயசும் சொன்னார். எந்த ஸ்கூல் என்பதையும், நான் கேட்காமலே.

பெரியக்கா அம்மாவை முறைத்த முறைப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. "நீ எப்பம்மா போன அங்க?" அம்மா பதில் சொல்லவில்லை. "பேரப் போட்டு எழுதாத கண்ணு. மீதியெல்லாம் அவ சொன்ன மாதிரியே எழுதிக்க" என்று என்னிடம் சொன்னார். எழுதிக்கொடுப்பவர் அவர். அவர் வாய்ச்சொல்தான் எனக்குக் கணக்கு. ஆயுள் அனுபவம் எழுதினேன், பின்னுரிமை மகள்களின் பிள்ளைகளுக்கு எழுதினேன், அந்தப் பிள்ளை பேரை அழித்தேன். மறுநாள் டோக்கன் போட்டு அம்மாவின் கட்டைவிரல் மெஷினில் பதியாமல் நாலு தடவை துடைத்துத் துடைத்து வைக்கவேண்டியிருந்தது. பதிவு முடிந்தது. சொத்து பெரியக்கா நினைத்தபடியே பத்திரமானது. வெளியே வந்தபோதும் அவள் முகம் தோற்றவள் முகமாகத்தான் இருந்தது. சண்டை 7 சென்டுக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. அது போதுமென்றிருந்தால் அவள் சிரித்திருக்கவேண்டும்.

அந்தக் குடும்பம் பிறகு சேர்ந்ததா என்று என் பக்கத்துக் கடைக்காரர் கேட்பார். சேரவில்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் தம்பி பெண்டாட்டியோடும் அந்தப் பெண்ணோடும் போவதைப் பார்த்தேன். பெரியக்கா தெருவின் அந்தப் பக்கம் நடந்தாள்.

இப்போதெல்லாம் இப்படி ஆட்கள் வந்தால் ஆதாரை வாங்குவதற்கு முன்பே பிள்ளையின் பேரைக் கேட்டுவிடுகிறேன். சொன்னால் உட்காரச் சொல்வேன். தெரியாது என்றால், விசாரித்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள், பேரில்லாமல் எழுத முடியாது என்பேன். சொத்துக்கு ஆயுள் ஷரத்து போதும், பேர் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அதை அவர்களிடம் அப்போது சொல்வதில்லை. பாதிப்பேர் நேரே பக்கத்துக் கடைக்குப் போவார்கள், அவர் அரைமணியில் எழுதிக் கொடுத்துவிடுவார். போகட்டும். ஆடியில் போகிற ஃபீஸ் எப்படியும் ஆவணியில் வந்துவிடும்.