சீதேவியார் செங்கழுநீரா, முயற்செவியா?

மாரி மழை ஓய்ந்ததும் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து மணல் வளவுகளிலும் வேலியோரங்களிலும் ஊதாப் பூவோடு சீதேவியார் செங்கழுநீர், முயற்செவி, அஜராட்டம் என்ற மூன்று செடிகள் கலந்து நிற்கும். மூன்றும் சூரியகாந்திக் குடும்பம். பூவின் நிறத்தை மட்டும் பார்த்துப் பிடுங்கினால் பிழையாகிப்போகும்.

முதலில் இலையைப் பாருங்கள். தண்டில் எதிரெதிரே சோடியாக இருந்து, கசக்கினால் நெடியடித்தால் அது அஜராட்டம், விட்டுவிடலாம். மாறிமாறி இருந்தால்தான் அடுத்த சோதனை. மேலிலையின் அடி தண்டைக் கட்டிப்பிடித்திருந்தால் முயற்செவி. சீதேவியார் செங்கழுநீரின் இலை அப்படித் தழுவாது, அடிநோக்கி ஒடுங்கி வரும்.

இளஞ்செடியில் இது தெளிவில்லாமல் போகலாம். பூத்தபின் பூத்தலையின் பச்சை உறையைக் கைவில்லையால் பாருங்கள். முயற்செவியில் ஒரே வரிசைச் செதில்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், குழாய்போல ஒட்டி நிற்கும். செங்கழுநீரில் ஓட்டுக்கூரைபோலப் பல வரிசை; வெளிச்செதில் குட்டை, உட்செதில் நெட்டை. அதன் ஒரு தலையில் சுமார் 20 குழாய்ப் பூக்கள், சுற்றிலும் இதழ் விரியாது. (வெள்ளைப் பஞ்சு விதை முயற்செவிக்கும் உண்டு, அதை நம்பவேண்டாம்.)

செங்கழுநீரைக் கசாயத்துக்குப் பிடுங்குவோர் பூக்கும்வரை பொறுப்பதே நல்லது. அஜராட்டம், முயற்செவி இரண்டிலும் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருள்கள் உண்டு. அவிப்பதால் அவை போய்விடாது.