ஆர்.பி.எம். முள் விழுந்த விதம்

முதல் முறை எஞ்சின் அணைந்தபோது வண்டி மூன்றாவது கியரில், மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. திணறலோ குலுக்கலோ இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தும் இழுவை இல்லாமல் போனதை வைத்துத்தான் அணைந்துவிட்டதையே உணர்ந்தேன். பதற்றத்தில் கிளட்சை அழுத்தியவுடன் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்தன, ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான் தாங்கும் என்று அறிந்திருந்ததால், விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்டினேன். சாவியை எத்தனை முறை திருப்பியும் ஸ்டார்ட்டர் சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து, எதுவுமே நடவாததுபோல் முதல் திருப்பிலேயே ஓடத் தொடங்கியது.

இத்தகைய கோளாறின் தொல்லையே இதுதான்: பட்டறைக்குப் போகும்போது வண்டி நன்றாக இருக்கும். எஞ்சின் கணினியின் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனரில் ஒரு பிழைக்குறியும் இல்லை. ஸ்பார்க் பிளக்குகளும் பெட்ரோல் பில்டரும் மாற்றப்பட்டன, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் துராட்டில் பாடியில் படிந்திருந்த கரி துடைக்கப்பட்டது. மூன்றாம் நாள் மீண்டும் நின்றது. இம்முறை மெக்கானிக் நின்ற இடத்துக்கே வந்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் வரவில்லை என்று சோதனை விளக்கை வைத்துக் காட்டினார். பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலே மாற்றப்பட்டது. அது போதாதென்று பம்பும் மாற்றப்பட்டது. பயன் இல்லை.

அவர் கண்டது பொய்யில்லை. அதற்குக் கற்பித்த காரணம்தான் தவறு என்பது எனக்குப் பின்னால் விளங்கியது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாவியைப் போட்டதும் எஞ்சின் கணினி பம்பைச் சில நொடிகள் மட்டும் ஓடவிடும். அதன்பின் எஞ்சின் சுழல்கிறது என்ற சமிக்ஞை வந்தால்தான் தொடர்ந்து ஓடவிடும். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே அந்தச் சமிக்ஞை அறுந்தால் பம்பு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், ஸ்பார்க் மூன்றும் ஒருசேர நிற்கும். பம்புக்கு மின்சாரம் வராதது நோயின் விளைவு. நாங்கள் அதையே நோய் என்று எடுத்துக்கொண்டோம்.

அதன்பிறகு பாகம் மாற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். பெட்ரோல் எவ்வளவு இருந்தது, ஏசி ஓடியதா, மேடா பள்ளமா, எத்தனை நிமிட ஓட்டத்துக்குப் பின் நின்றது என்று எழுதி வந்ததில், ஆறு முறைகளுக்குள் ஒரு ஒழுங்கு தெரிந்தது. குளிர்ந்த எஞ்சினில் ஒருமுறைகூட நிற்கவில்லை. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மெதுவாக ஊரும்போதோ, சற்று நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பியபோதோதான் நின்றது. காற்றோட்டம் குறைந்து பானட்டுக்குள் வெப்பம் தேங்கும் நேரங்கள் அவை. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்து, உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வரத்து தடைபடுகிறதோ என்ற ஐயத்தில் நின்ற கையோடு மூடியைத் திறந்தும் பார்த்தேன். காற்று உறிஞ்சும் ஓசை இல்லை.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது ஏழாவது முறை. வெறிச்சோடிய நேரான சாலையில் அது நிகழ்ந்ததால், கிளட்சைத் தொடாமல் வண்டியைக் கியரிலேயே உருளவிட்டேன். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருந்தன. ஆயில் விளக்கு எரியாததே அதற்குச் சாட்சி. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மட்டும் ஒரே வீழ்ச்சியில் 0-க்கு வந்து கிடந்தது. பெட்ரோல் வரத்து குறைந்து அணைந்திருந்தால் வண்டியின் வேகத்தோடு முள்ளும் மெல்ல மெல்லத்தான் இறங்கியிருக்கும். இக்னிஷன் சுவிட்சில் தொடர்பு விட்டிருந்தால் வெப்பநிலை முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து விழுந்திருக்கும்; அவை அசையவில்லை. எஞ்சின் சுழல்கிறது, சுழல்வதைக் கணினி அறியவில்லை என்றால் ஐயம், எஞ்சினின் சுழற்சியை உணர்ந்து கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீதோ அதன் வயரிங் மீதோதான் விழ வேண்டும்.

ஐயத்தை வைத்து இன்னொரு பாகத்தை மாற்ற எனக்கு மனமில்லை. அடுத்த முறை நின்றபோது ஸ்கேனரை இணைத்து நேரடி அளவுகளைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியும் ஆர்.பி.எம். 0 என்றே காட்டியது. அன்றைக்குத்தான் பி0335 என்ற குறியும் முதன்முதலாகப் பதிவானது. கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். ஓடும் வண்டியில் சமிக்ஞை சட்டென்று நின்றால், எஞ்சினை யாரோ அணைத்துவிட்டதாகவே சில கணினிகள் எடுத்துக்கொள்ளும். அதுவரை குறி பதிவாகாததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

என் வண்டியில் இருக்கும் கிராங்க் சென்சார் இரண்டு கம்பி வரும் காந்தச்சுருள் வகை. ஃப்ளைவீலோடு சுழலும் பல்வட்டின் பற்கள் அதன் முனையைக் கடக்கும்போது சுருளில் மின்னழுத்தம் எழுகிறது. இவ்வகையில் மல்டிமீட்டரை வைத்துச் சுருளின் தடையை அளக்கலாம். உள்ளே மின்னணுச் சில்லு கொண்ட, மூன்று கம்பி வரும் ஹால் வகையில் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. கழற்றி மேசைமேல் வைத்து அளந்தேன்: குளிர்ந்த நிலையில் 870 ஓம். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எல்லைக்குள் அடங்கிய, குற்றம் சொல்ல முடியாத அளவு. இங்கேயே நிறுத்தியிருந்தால் சென்சார் நல்லது என்று திரும்பப் பூட்டியிருப்பேன். ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டே பார்த்தபோது அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒன்பதாவது நிமிடத்தில் மீட்டர் தொடர்பே இல்லை என்று காட்டியது. ஆறவிட்டதும் 870-க்குத் திரும்பியது. மயிரிழை போன்ற செம்புக்கம்பியில் எங்கோ ஒரு விரிசல், வெப்பத்தில் விலகி, குளிரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கணினி வரை செல்லும் இரண்டு கம்பிகளையும் கனெக்டர்களைப் பிரித்து அளந்து, கையால் அசைத்தும் பார்த்த பிறகே புதிய சென்சாரைப் பொருத்தினேன். ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட்தான், எட்டாத இடத்தில் இருப்பதால் அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. பின்னர் வேண்டுமென்றே நன்றாக வெயிலேறிய பகலில் ஒரு மணி நேரம் ஓட்டி, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வெப்பம் தேங்கவிட்டு, அணைத்தும் கிளப்பியும் நான்கு முறை பார்த்தேன். முள் விழவில்லை.

அதற்குப் பின் ஐந்து மாதங்கள் கடந்துவிட்டன. பழுது என்று கழற்றப்பட்ட பழைய ரிலேயைத்தான் இப்போது மீண்டும் பொருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். புதியது டாஷ்போர்டு அறையில் உபரியாகக் கிடக்கிறது.