ஒற்றியூரிலிருந்து முல்லைவாயில் வரை: வடசென்னையில் ஒரு பௌர்ணமி நாள்

சென்னைக்குக் கோயில் தரிசனத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கபாலீஸ்வரரையும் பார்த்தசாரதியையும் சேவித்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். பாரிமுனைக்கு வடக்கே துறைமுகமும் கன்டெய்னர் லாரியும் புகைபோக்கியும்தான் என்பது அவர்கள் நினைப்பு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1639இல் இந்தக் கரையில் இடம் வாங்கினார்கள். அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்பரும் சம்பந்தரும் திருவொற்றியூருக்கு வந்து பாடியிருக்கிறார்கள். மதராஸ் என்ற பட்டணம் ஒற்றியூருக்கு நேற்றுப் பிறந்த பிள்ளை.

இந்தப் பக்கத்தை ஒரே நாளில் மனசார அனுபவிக்க நல்ல வழி, பௌர்ணமியன்று மூன்று அம்மன் தரிசனம். காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று வரிசை. மூன்று திருமேனிகளும் ஒரே பாறையில் ஒரே சிற்பி வடித்தவை என்பது தலபுராணம். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் மூன்று கோயிலிலும் கூட்டம் அலைமோதும். இதை அம்மன் தரிசனமாக மட்டும் பலர் செய்கிறார்கள். அந்த நாளின் பின்பாதி சுந்தரர் கண்ணிழந்து நடந்த வழியும்கூட. அது தெரிந்து போனால் தரிசனம் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் தேதி. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பௌர்ணமித் திதி பெரும்பாலும் இரண்டு தேதிகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். முதல் நாள் பிற்பகல் தொடங்கினால் மறுநாள் பிற்பகல் வாக்கில் முடியும். தினசரி காலண்டரில் கிரிவலத்துக்காகப் போட்டிருக்கும் நாளில், காலையில் மேலூர் போகும்போது இன்னும் சதுர்த்தசியாகவே இருக்கலாம். பஞ்சாங்கத்தில் திதி தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் பார்த்து, கோயிலிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெள்ளிக்கிழமையானால் ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்ப்பார்கள் என்றால், ஒற்றியூர்ச் சந்நிதித் தெருவுக்குள் பத்தரைக்கு முன்பே நுழைந்துவிடும்படி கணக்குப் போட வேண்டும்.

மேலூருக்குச் சென்ட்ரல் மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயில். மீஞ்சூர் வரை ஒரு மணி நேரம் போல ஆகும். ஆவடித் தடத்தைப் போல இதில் அடுத்தடுத்து வண்டி கிடையாது. ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே விடியற்காலை வண்டியைப் பிடியுங்கள். மீஞ்சூரில் இறங்கியதும் ஆட்டோ. போக மட்டும் பேசாமல், காத்திருந்து திரும்பக் கொண்டுவிடுவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் மேலூரிலிருந்து திரும்ப வண்டி கிடைக்காமல் ஒரு மணி நேரம் போனால் ஒற்றியூரில் நடை சாத்திவிடுவார்கள். நாள் முழுக்கக் குழம்பிவிடும்.

காரில் வருகிறவர்களுக்கு வேறொரு ஆசை வரும். மீஞ்சூரிலிருந்து வெளிவட்டச் சாலை பிடித்தால் ஆவடிப் பக்கம் சீக்கிரம் போய்விடலாமே, ஒற்றியூரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாமே என்று. வேண்டாம். வரிசை மாறினால் இந்த யாத்திரைக்கு உயிரில்லை. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் லாரிகளால் மீஞ்சூர்–திருவொற்றியூர்ச் சாலை எப்போது நகரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ரயிலே மேல்.

மேலூரில் அம்மனோடு திருமணங்கீஸ்வரரையும் தரிசித்து, ஒன்பது மணிக்குள் மீஞ்சூர் ஸ்டேஷன் திரும்பிவிட வேண்டும். மூன்று கோயிலுக்கும் சேர்த்துப் பூவை முதல் கடையிலேயே வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் முல்லை வியர்த்து, மதியத்துக்குள் பழுப்பேறிவிடும். அந்தந்தக் கோயில் வாசலிலேயே வாங்குவதுதான் சரி. கட்டாயம் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டுமானால், ஈரத்தை உதறிவிட்டு வாழை இலையில் மடித்து எடுத்துச் செல்லுங்கள்.

இனி திருவொற்றியூர். மின்ரயில் ஸ்டேஷன் ஊருக்கு மேற்கே இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ. நகரத்துக்குள்ளிருந்து நேராக வருகிறவர்களுக்கு மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த பாதை 2021இல் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, வெளியூர்க்காரர்கள் ஒற்றியூருக்கு வர அஞ்சிய காரணம் பாதி போய்விட்டது. தேரடிக்கு முந்தின நிலையம் காலடிப்பேட்டை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில் நெசவாளர்களைக் குடிவைத்த காலெட் பேட்டை, நம் வாயில் காலடிப்பேட்டையாகிவிட்டது. அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார்.

கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் வடிவுடையம்மன் வரிசையைத் தேடி ஓடுவார்கள். வரிசை நீளம்தான். ஆனாலும் ஆதிபுரீஸ்வரரை அவசர அவசரமாகக் கும்பிட்டுவிட்டு ஓட வேண்டாம். மூலவர் புற்று வடிவானவர், ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அவரைக் கவசமின்றிக் காண அந்த மூன்று நாள்தான். மூன்று நாள் இருக்கிறதே, முதல் நாளே குழந்தைகளோடு நெரிசலில் சிக்க வேண்டியதில்லை.

தரிசனம் முடிந்து பிராகாரம் வரும்போது மூலவர் விமானத்தின் பின்பக்கத்தில் நில்லுங்கள். சுவர் மூலை திரும்பாமல் வளைந்து போகும். படுத்திருக்கும் யானையின் முதுகு போன்ற அமைப்பு. தூங்கானை மாடம் என்பார்கள், கஜபிருஷ்டம் என்றும் சொல்வதுண்டு. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவர் சொல்ல, வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்ற ரவி இதைக் கருங்கல்லில் எழுப்பினான் என்று கல்வெட்டு சொல்கிறது. கட்டிய தச்சனின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்பது நம் கோயில்களில் அரிது. அந்த வளைவில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் உள்ள இணைப்பை உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றும் தன் பங்கு வளைவைத் தானே சுமந்துகொண்டிருக்கும்.

சதுரானனர் என்ற பெயரை இந்த மடத்தில் முன்பே தாங்கிய ஒருவர் மலையாள நாட்டிலிருந்து வந்தவர். சோழ இளவரசன் ராஜாதித்தனின் தோழர். 949இல் தக்கோலப் போரில் ராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டபோது உடன் சாக முடியாமல் போன வருத்தத்தில் துறவு பூண்டு, ஒற்றியூரில் நிரஞ்சன குருவிடம் அடைக்கலமானவர். இத்தனையும் இந்தச் சுவர்களில் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரியாமல் கடந்துபோகிறோம். ஒவ்வொரு கல்வெட்டுக்குப் பக்கத்திலும் பத்து வரியில் இன்றைய தமிழில் பொருள் எழுதி வைத்தால் போதும். வருகிற பக்தர்கள் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக நிற்பார்கள். இந்த ஊரை வெளியூருக்கு எடுத்துச்சொல்ல அதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை.

பிராகாரத்தில் 27 நட்சத்திர லிங்கங்கள் உண்டு. அவரவர் நட்சத்திரத்துக்கு உரியதில் விளக்கேற்றுவார்கள். விளக்குக்கு நல்லெண்ணெய் கையோடு கொண்டு போங்கள். அறுபத்துமூவரில் கலிய நாயனார் இந்த ஊர்ச் செக்கார். செல்வமெல்லாம் கரைந்த பிறகும் கூலிக்குச் செக்காட்டி இங்கே விளக்கெரித்தவர். எண்ணெய் வாங்க வழியே அற்றுப்போனபோது தன் கழுத்து ரத்தத்தை அகலில் ஊற்றத் துணிய, இறைவன் கைபிடித்துத் தடுத்தார். அவர் பிறந்த ஊரில் ஒரு சொட்டு எண்ணெய் சேர்ப்பது சாதாரணக் காரியம் அல்ல.

வட்டப்பாறையம்மன் சந்நிதியையும் விட்டுவிடக் கூடாது. அதன் பிறகு வடிவுடையம்மன். ஏழுகிணற்றில் குடியிருந்த வள்ளலார் நடந்தே வந்து தரிசித்த அம்மன் இவள். ஓர் இரவு வீடு திரும்ப நேரமாகி, பசியோடு திண்ணையில் படுத்திருந்தவருக்கு அண்ணி உருவில் வந்து சோறு போட்டாள் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். உச்சிக்காலத்துக்குள் சந்நிதியில் நிற்க, பத்தரை மணிக்கே வரிசையில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் பிராகாரக் கல் காலைச் சுடும். குழந்தைகளையும் முதியவர்களையும் நிழலோரமாக அழைத்துப் போங்கள். கோயிலில் மதிய அன்னதானம் உண்டு.

கிளம்புமுன் மகிழ மரத்தடிக்கு வந்துவிடுங்கள். இந்த நாளின் நடு இடம் இதுதான்.

மீஞ்சூருக்கும் செங்குன்றத்துக்கும் நடுப்பட்ட ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியார், ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்குப் பூத்தொடுத்து வந்தார். சுந்தரர் அவரைக் கண்டு மனம் பறிகொடுத்தார். திருவாரூரில் அவருக்கு மனைவி பரவையார் இருப்பது தெரிந்ததால், ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்து தந்தால்தான் மணம் என்றார் சங்கிலியார். சுந்தரர் தம் தோழரான சிவபெருமானிடமே போனார்: நான் சத்தியம் செய்யும் நேரம் நீர் கருவறையை விட்டு மகிழடியில் போய் இரும். சரி என்ற சிவபெருமான், சங்கிலியாரின் கனவில் வந்து, சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கு என்று சொல்லிவிட்டார். சந்நிதி வேண்டாம், மரத்தடி போதும் என்று சங்கிலியாரின் தோழியர் சொன்னபோது சுந்தரருக்குத் தப்ப வழியில்லை. இறைவன் அமர்ந்திருந்த அந்த மரத்தடியிலேயே சத்தியம் நடந்தது. மாசித் திருவிழாவில் இது மகிழடி சேவையாக இன்றும் நடக்கிறது.

பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வந்தது. சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. அழுதுகொண்டே அவர் முதலில் வந்து சேர்ந்த தலம் வடதிருமுல்லைவாயில். மதியத்துக்கு மேல் நாம் போகும் வழி அதுவே.

நடுவில் நேரமும் காலில் தெம்பும் இருந்தால் கடலோரம் பட்டினத்தார் சமாதி. பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்று அலைந்தவருக்கு இந்தக் கரையில் இனித்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் நிற்காமல் வரும். சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் கடக்க வேண்டும். வயதானவர்களோடு வந்திருந்தால் இதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அம்மனையும் ஓட்டமாக முடிப்பதைவிட, முடியாதவர்கள் ஒற்றியூர் ஒன்றையே நாள் முழுக்க நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முல்லைவாயிலுக்கு இரண்டு வழி. தேரடியில் மெட்ரோ ஏறி அரைமணிக்குள் சென்ட்ரல். அங்கிருந்து ஆவடி, திருவள்ளூர் மின்ரயில். மின்ரயிலிலேயே போவதானால் சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜில் இரண்டு தடமும் சேர்வதால் அங்கேயே மாறிக்கொள்ளலாம். ஆனால் மாலையில் அங்கே உட்கார இடம் கிடைக்காது; முட்டிவலிக்காரர்களுக்கு மெட்ரோதான். அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். விரைவு வண்டிகள் நிற்காமல் போகும், பார்த்து ஏறுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. சீர்காழிப் பக்கம் தென்திருமுல்லைவாயில் இருப்பதால் இதற்கு வட என்ற அடைமொழி. மேப்பில் தேடும்போது மாசிலாமணீஸ்வரர் கோயில் என்று தேடினால் குழப்பம் வராது.

தொண்டைமான் என்ற மன்னன் குறும்பரோடு போருக்கு வந்தபோது யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கியது. கொடியை வாளால் வெட்ட, ரத்தம் பீறிட்டது. உள்ளே லிங்கம். அந்த வெட்டுத் தழும்புக்காகத்தான் மாசிலாமணீஸ்வரர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கிறார். சித்திரைச் சதயத்தில்தான் காப்புக் களைவார்கள். கருவறை வாயிலில் இரண்டு பக்கமும் வெள்ளெருக்குத் தூண்கள். குறும்பர் கோட்டையை வென்று மன்னன் கொண்டுவந்தவை என்பார்கள். எருக்கு இவ்வளவு பருமனாக வளருமா என்று நின்று பார்க்காதவர் இல்லை. நந்தி இங்கே சுவாமிக்கு முதுகு காட்டி, தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய நிலையில் கிழக்கே பார்த்து இருக்கிறது. இறைவனுக்கு வலப்பக்கம் கொடியிடையம்மன். காலையில் மேலூரில் கண்ட முகத்தை நினைவில் வைத்திருந்தால், இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்க்க மனம் தானே முயலும்.

அம்மன் வரிசை முடிந்த பிறகு சுவாமி சந்நிதியில் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். பார்வை போன கண்ணோடு சுந்தரர் வந்து நின்ற இடம். சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டவனே என்று அவர் கூப்பிட்டது இங்கே பாடிய பதிகத்திலேயே இருக்கிறது. அப்போதும் கண் கிடைக்கவில்லை. அடுத்து திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். வெண்பாக்கம் பழைய கோயில் பூண்டி ஏரிக்குள் போய்விட்டது. இறைவனைப் பூண்டியில் வேறு கோயில் கட்டி எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். தொடர்ந்து போக விரும்புகிறவர்கள் திருவள்ளூரில் தங்கி மறுநாள் காலை அங்கே போகலாம். மற்றவர்கள் கோயிலை விட்டு வெளியே வரும்போது, நந்தி பார்க்கும் கிழக்குத் திசையில் நிலா ஏறியிருக்கும்.