கண்ட்ரோல்-எஸ் பக்கத்திலேயே கண்ட்ரோல்-டி: ஒரு இலைக் கணக்கைச் சரிசெய்த அனுபவம்

எக்செல்லில் கண்ட்ரோலோடு எஸ் அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும். கண்ட்ரோலோடு டி அழுத்தினால் மேல் கட்டத்தில் இருப்பது கீழ்க் கட்டத்தில் வந்து விழும். கீழே ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அது போச்சு. "அழிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. கீபோர்டில் எஸ்ஸும் டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் தேயிலை ஃபேக்டரியின் இலைக் கணக்கில் வந்த குளறுபடி முழுக்க இந்த இரண்டு விசைகளுக்கு நடுவில்தான் நடந்தது. அதைக் கண்டுபிடித்து அடைத்த விவரத்தை எழுதி வைக்கிறேன். கணக்கை எக்செல்லில் வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கலாம்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கிறேன். எங்களுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றியுள்ள ஊர்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் போடும் பச்சைத் தேயிலையை வாங்கி அரைக்கிறோம். ஊர் ஊராக வண்டி போகும். எடை போட்டு, சீட்டு எழுதி, ஒரு தாளை விவசாயியிடம் கொடுத்துவிட்டு, கார்பன் நகலை ஆபீசுக்குக் கொண்டுவருவார்கள். ஆபீசில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மாசக் கடைசியில் மொத்த எடையை விலையால் பெருக்கிப் பட்டுவாடா. அதனால் ஒரு கட்டத்தில் எடை மாறினால் அது அப்படியே ஒருவருடைய வீட்டுக் காசு.

ஷீட் பழைய பாணியில் இருந்தது. இடது பக்கம் விவசாயிகளின் பெயர்கள் வரிசையாக, மேலே 1 முதல் 31 வரை தேதிகள். யார் இலை போட்டாரோ அவர் பெயருக்கு நேராக, அன்றைய தேதியின் கீழ் எடை. சீட்டுகள் பெயர் வரிசைப்படி வருவதில்லை, வண்டி போன வழிப்படி வரும். அதனால் ஷீட்டில் மேலும் கீழுமாகத் தாவித் தாவித்தான் ஏற்ற வேண்டும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

விஷயம் வெளியே வந்தது ஒரு பெரியவரால். ஜனவரிக் கணக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களைத்தான் எங்களுக்குப் பழக்கம். இவர் கூடுதலாக இருக்கிறது என்று வந்திருந்தார்.

"ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் குடும்பத்தோட பேரகணி போயிட்டோம் தம்பி. அன்னைக்கு யாரு இலை பறிச்சா? 38.4 கிலோன்னு போட்டிருக்கே."

கார்பன் கட்டைப் புரட்டினேன். அந்தத் தேதியில் அவர் பெயரில் சீட்டே இல்லை. ஷீட்டில் அவருக்கு நேர் மேலே இருந்தவர் பெயரில் 38.4 இருந்தது, அதற்குச் சீட்டும் இருந்தது. சரி, வரி மாறி இரண்டு முறை ஏற்றியிருப்பார்கள் என்று திருத்தி அனுப்பியிருக்கலாம். ஆனால் தற்செயலாக அந்த மாதத்துக் கட்டங்களின் மேல் கண்ணை ஓட்டியபோது, மேலும் கீழும் ஒரே எடை வரும் ஜோடிகள் அங்கங்கே தெரிந்தன. எங்கள் தராசு நூறு கிராம் வரை காட்டும். பக்கத்துப் பெயர்க்காரர்கள் இருவர் ஒரே நாளில் நூறு கிராம் பிசகாமல் ஒரே எடை போடுவது எப்போதாவது நடக்கும், இத்தனை முறை நடக்காது. சில ஜோடிகளுக்குச் சீட்டைப் பார்த்தேன். சிலவற்றில் கீழே இருப்பவர் அன்றைக்கு இலையே போடவில்லை. சிலவற்றில் போட்டிருந்தார், ஆனால் சீட்டில் வேறு எடை. அதாவது சரியான எண் ஒன்று ஷீட்டில் இருந்து, அதன் மேல் பக்கத்து வீட்டு எண் ஏறியிருக்கிறது.

முன்பே ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். தோட்டத்தில் போட்ட எடையும் ஃபேக்டரிக்கு வந்து சேரும் எடையும் எப்போதும் கொஞ்சம் வித்தியாசப்படும். வழியில் ஈரம் வடியும். அதனால் மொத்தத்தில் சிறு வித்தியாசம் வந்தால் "தண்ணி" என்று எழுதிவிடுவது வழக்கம். போதாததற்கு, ஒரு பிழை எடையைக் கூட்டும், இன்னொன்று குறைக்கும், இரண்டும் கழிந்துபோகும்.

ஏற்றுகிற அக்கா பல வருட அனுபவசாலி. எண்களில் கை தவறாது. அவர் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வலது கை எண் பகுதியில், இடது கை கண்ட்ரோலிலும் எஸ்ஸிலும். எடை, எண்டர், சேமிப்பு. ஒவ்வொரு சீட்டுக்கும் சேமிப்பார். கரண்ட் எப்போது போகும், யுபிஎஸ் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று தெரியாத ஆபீசில் அது தங்கமான பழக்கம். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் ஒரு காலை, புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்த நாள், அக்கா கம்பளிக் கையுறையோடு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருவருக்கு 41.2 அடித்து எண்டர் தட்டினார். கர்சர் கீழே இறங்கி அடுத்தவர் கட்டத்தில் நின்றது. அதில் காலை முதல் வண்டியில் வந்த 27.6 ஏற்கெனவே இருந்தது. இடது கை அழுத்தியது. 27.6 இருந்த இடத்தில் 41.2. திரையில் வேறு ஒரு அசைவும் இல்லை. அக்கா அடுத்த சீட்டை எடுத்துப் பெயர் தேடப் போய்விட்டார்.

"அக்கா, நில்லுங்க. இப்ப என்ன அழுத்தினீங்க?"

"சேவ்தானே பண்ணினேன்?"

கண்ட்ரோல்-இசட் அடித்ததும் 27.6 திரும்பி வந்தது. அந்த நிமிஷத்தில் பார்த்ததால் வந்தது. கோப்பை மூடிவிட்டால் பழையதைத் திரும்பக் கொண்டுவரும் அந்த வரிசையும் சேர்ந்து போய்விடும். நிறையக் கட்டங்களைத் தேர்வு செய்துவிட்டு கண்ட்ரோல்-டி அழுத்தினால் பத்தி முழுக்க ஒரே எண் ஆகும், கண்ணில் அடிக்கும், உடனே மீட்டுவிடலாம். ஒற்றைக் கட்டத்தில் நடப்பதுதான் ஆபத்து.

மேனேஜர் சாரிடம் சொன்னேன். "டி கீயைப் பிடுங்கிடலாமே" என்றார். பிடுங்கினால் தமிழ்99 கீபோர்டு முறையில் உகரம் போய்விடும் சார், உதகை என்று எப்படி அடிப்பது என்றேன். சிரித்துவிட்டு, ஏதாவது செய் என்றார்.

முதலில் தோன்றியது டேட்டா வேலிடேஷன், அதாவது கட்டத்துக்குள் என்ன வரலாம் என்று கட்டுப்பாடு போடுவது. அது கையால் அடிப்பதை மட்டுமே சோதிக்கும். நகல் எடுத்து ஒட்டினாலோ, இப்படிக் கண்ட்ரோல்-டி-யால் நிரப்பினாலோ எச்சரிக்கை வராது. எக்செல் அமைப்புகளில் 'மேலெழுதும் முன் எச்சரி' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கிறது, அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். அது மவுஸால் இழுத்துப் போடுவதற்கு மட்டும். ஷீட்டைப் பூட்டிப் பார்த்தோம். பூட்டிய கட்டத்தில் கண்ட்ரோல்-டி வேலை செய்யாது, உண்மைதான். ஆனால் இன்றைய பத்தி ஏற்றுவதற்காகத் திறந்திருக்க வேண்டும், பிழை நடப்பதும் இன்றைய பத்தியில்தான். நேற்று வரை உள்ளதைப் பாதுகாக்க மட்டும் அது உதவும். எண்டர் தட்டினால் கர்சர் நகராமல் இருக்கும்படியும் மாற்றலாம். அப்போது இப்போதுதான் அடித்த எடையே அழியும்.

புது விண்டோஸ் இருந்தால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருள் நல்ல வழி. அதில் கீபோர்டு மேனேஜர் என்ற பகுதியில், எக்செல்லுக்குள் மட்டும் கண்ட்ரோல்-டி-யை முடக்கலாம். அதைவிட அழகு, கண்ட்ரோல்-டி-யைக் கண்ட்ரோல்-எஸ் ஆக மாற்றிவிடலாம். விரல் தவறினாலும் சேமிக்கும். என் மேஜைக் கம்ப்யூட்டரில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பவர்டாய்ஸ் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவின் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. அதில் பவர்டாய்ஸ் ஏறாது.

அதனால் அந்தக் கோப்புக்குள்ளேயே மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் ஓடும் ஒரு சின்ன நிரல், எழுதினேன். மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ-வில் ஆன்கீ என்று ஒரு கட்டளை உண்டு. கூரைக் குறியும் (^) சின்ன எழுத்து டியும் சேர்த்து முதல் மதிப்பாகக் கொடுத்து, இரண்டாவது மதிப்பை வெற்று மேற்கோள் குறியாக விட்டால், கண்ட்ரோல்-டி அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. இரண்டாவது மதிப்பையே எழுதாமல் விட்டால் விசை பழைய வேலைக்குத் திரும்பும். இந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால் தடை அந்தக் கோப்புக்கு மட்டும் இல்லை, திறந்திருக்கும் எக்செல் முழுவதற்கும் பொருந்தும். வேறு கோப்பில் கண்ட்ரோல்-டி வேண்டியவர்கள் உங்களைத் திட்டுவார்கள். ஆகவே தடையை, கோப்பு முன்னால் வரும்போது ஓடும் வொர்க்புக் ஆக்டிவேட்டில் போட வேண்டும். விடுவிப்பதை, கோப்பு பின்னால் போகும்போது ஓடும் டிஆக்டிவேட்டில். கோப்பைத் திறக்கும்போது மட்டும் தடை போட்டால், வேறு கோப்புக்குப் போய்த் திரும்பியதும் தடை இருக்காது. கண்ட்ரோல்-ஆர்-ஐயும் அப்படியே முடக்கினேன். அது இடது கட்டத்தை வலது கட்டத்துக்கு நகலெடுக்கும். எங்கள் ஷீட்டில் அதன் பொருள், நேற்றைய எடை இன்றைக்கு வந்துவிடும் என்பது.

கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமிக்க வேண்டும், சாதாரண வகையில் சேமித்தால் மேக்ரோ உதிர்ந்துவிடும். திறக்கும்போது மஞ்சள் பட்டை வந்து அனுமதி கேட்கும், அதைத் தட்டாமல் விட்டால் தடையும் இல்லை. மெயிலில் வந்த கோப்பு என்றால் புதிய ஆபீஸ் பதிப்புகள் சிவப்புப் பட்டை காட்டி மேக்ரோவை மொத்தமாகத் தடுத்துவிடும். 2022-இல் வந்த மாற்றம் இது. கோப்பின் பண்புகளுக்குப் போய் அன்பிளாக் டிக் போட வேண்டும், அல்லது நம்பகமான இடம் என்று எக்செல்லில் குறித்த ஃபோல்டரில் கோப்பை வைக்க வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். அக்கா காலையில் வந்ததும், கீழே ஓரமாக ஒதுக்கிய ஒரு கட்டத்தில் கண்ட்ரோல்-டி அழுத்திப் பார்க்கிறார். மேல் கட்டத்தில் இருக்கும் எண் கீழே வராவிட்டால் மேக்ரோ வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பழைய பிழைகளைத் தேடுவதுதான் உயிரை வாங்கிய வேலை. நிபந்தனை வடிவமைப்பில் ஒரு விதி போட்டேன்: கட்டம் காலியாக இல்லாமல், மேல் கட்டத்துக்குச் சமமாக இருந்தால் ஆரஞ்சு நிறம். ஒவ்வொரு ஆரஞ்சுக்கும் கார்பன் சீட்டைத் தேடி எடுத்தோம். மழைக்காலச் சீட்டுகளில் மை ஊறி எண் தெரியவில்லை. இலை வாங்கும் ஏஜென்ட்டின் நோட்டையும் விவசாயி கையில் இருந்த தாளையும் வைத்துத்தான் ஒப்பிட முடிந்தது. நிஜமாகவே ஒரே எடை போட்ட ஜோடிகளும் இருந்தன. குறைந்தவர்களுக்கு அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துக் கொடுத்தோம். கூடுதலாகப் போனதைக் கேட்க வேண்டாம் என்று மேனேஜர் சார் சொல்லிவிட்டார்.

பேக்கப் இல்லையா என்றால், இருந்தது. எக்செல்லிலேயே 'எப்போதும் பேக்கப் எடு' என்ற வசதி போட்டிருந்தோம். அது இதற்கு முந்தைய ஒரு சேமிப்பை மட்டும்தான் வைத்திருக்கும். சீட்டுக்குச் சீட்டு சேமிக்கிறவருக்கு, அது ஒரு நிமிஷத்துக்கு முந்தைய கோப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஆட்டோ ரிக்கவரி, எக்செல் செயலிழந்தால் கைகொடுக்கும். ஒழுங்காக மூடினால் அதை அழித்துவிடும். இப்போது சாயங்காலம் ஆபீஸ் மூடும் முன் தேதி போட்ட பெயரில் ஒரு நகல் தனி டிஸ்க்குக்குப் போகிறது. அலங்காரம் இல்லாத வழி, ஆனால் போன செவ்வாய்க்கிழமை என்ன இருந்தது என்று பார்க்க அதுதான் உதவுகிறது.

விசையை முடக்கியதோடு விட்டிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. மேக்ரோ இல்லாத கம்ப்யூட்டரில் யாராவது திறந்தால் பழைய கதைதான். பிழைக்கு இடம் கொடுத்தது ஷீட்டின் அமைப்பு: எண்டர் தட்டினால் வேறொருவருடைய எண்ணின் மேல் போய் நிற்கிறோம். ஏப்ரல் கணக்கிலிருந்து அதை மாற்றினேன். இப்போது சீட்டுக்கு ஒரு வரி. சீட்டு எண், தேதி, விவசாயி எண், எடை. பெயர் தானாக வரும், மாத மொத்தத்தை சம்இஃப் சூத்திரம் கூட்டிக்கொள்ளும். சீட்டு எப்படி வருகிறதோ அப்படியே கீழே கீழே ஏற்றிக்கொண்டு போகலாம், தேடித் தாவ வேண்டாம். எண்டர் தட்டினால் கர்சர் நிற்பது காலி வரியில். அங்கே கண்ட்ரோல்-டி விழுந்தாலும், அடுத்த சீட்டை ஏற்றும்போது அதன் மேலேயே அடித்துவிடுவோம். கடைசிச் சீட்டில் விழுந்தால், சீட்டு எண் இல்லாமல் எடை மட்டும் தனியாக நிற்கும், அந்த வரி சிவப்பாகிவிடும். ஒரே சீட்டு எண் இரண்டு முறை வந்தாலும் சிவப்பு. அக்காவுக்கு முதலில் பிடிக்கவில்லை. ஒரு விவசாயியின் மாதம் முழுவதையும் ஒரே வரியில் பார்க்க முடியவில்லை என்றார். நியாயம்தான். அதற்காகப் பழைய வடிவத்திலேயே, பார்வைக்கு மட்டும், ஒரு பிவட் ஷீட் போட்டுக் கொடுத்தேன்.

இன்னொன்று. கட்டத்தின் வலது மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியை மவுஸால் இழுத்தாலும் கண்ட்ரோல்-டி செய்வதையே செய்யும். ஆன்கீ அதைத் தடுக்காது. எக்செல் அமைப்புகளில் அட்வான்ஸ்டு பகுதியில் ஃபில் ஹேண்டில் டிக்கை எடுத்துவிட வேண்டும். விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இதே கண்ட்ரோல்-டி, தேர்ந்தெடுத்த கோப்பை அழிக்கும் விசை. வன்தட்டில் இருந்தால் கோப்பு மறுசுழற்சித் தொட்டிக்குப் போகும், எடுத்துக்கொள்ளலாம். பென் டிரைவில் இருப்பது பொதுவாக அங்கே போகாமல் நேராக அழியும். அதனால் பட்டுவாடாக் கோப்பைப் பென் டிரைவில் வைத்துத் திறந்து வேலை செய்வதை ஆபீசில் நிறுத்திவிட்டோம். கம்ப்யூட்டருக்கு நகலெடுத்த பிறகுதான் திறக்கிறோம்.