மில்லின் பழைய 486-க்கு இன்டர்நெட்: மூன்றாம் வாரம்

பரந்தனுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரிசி மில்லில் இன்னமும் 486 என்ற பழைய கம்ப்யூட்டர்தான் பில் போடுகிறது. விண்டோஸுக்கு முந்திய டாஸ் இயங்குதளம், பாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதிய புரோகிராம், டொட் மேட்ரிக்ஸ் பிரின்டர், நெல் மூடை நிறுக்கும் மின்தராசு. புரோகிராம் எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். வவுனியாவில் இருக்கும் முதலாளிக்கு அன்றன்றைய கணக்குப் போக வேண்டும். இதுவரை பிளாப்பி பஸ் ஏறிப் போனது. காலபோக அறுவடைக்கு முன் போனிலேயே பார்க்கச் செய்து தருகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன்.

பழைய சாமான் கடையில் பழைய கம்ப்யூட்டர்களின் ஐஎஸ்ஏ துளையில் சொருகும் ஓர் என்இ2000 வகை நெட்வொர்க் கார்ட் கிடைத்தது. கார்டை இயக்கும் பாக்கெட் டிரைவர் ஏற்றி, டாஸை நெட்வொர்க்கில் பேச வைக்க மைக்கேல் புரூட்மன் இலவசமாகத் தரும் எம்டிசிபி புரோகிராம்களைப் போட்டேன். ரவுட்டருக்குப் பிங் அடித்தால் (இருக்கிறாயா என்று கேட்டால்) பதில் வருகிறது! அந்தச் சந்தோஷம் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை.

"தம்பி, தராசு செத்துப் போச்சு."

நிறுக்கிற அண்ணை கூப்பிட்டுக் காட்டினார். தராசில் மூடை இருக்கிறது, திரையில் 0.

தராசின் வயர் காம்2 என்ற சீரியல் போர்ட்டில். காம்2-க்கு ஐஆர்கியூ 3, அதாவது பிராசசரைக் கூப்பிடும் மணிக்கம்பி எண். கார்டும் அதே 3-இல் உட்கார்ந்திருந்தது. ஐஎஸ்ஏயில் இரண்டு பேர் ஒன்றைப் பங்குபோட்டால் இப்படித்தான். கார்டில் எண்ணை மாற்றும் குட்டிச் செருகியான ஜம்பரை 5-க்கு மாற்றப் போனேன். நெல்மணி அளவுச் சாமான், கைநழுவித் தவிட்டுக்குள் விழுந்தது. ஒரு பின்னேரம் முழுக்கத் துழாவியும் அகப்படவில்லை. கடைசியில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்றிலிருந்து பிடுங்கிப் போட்டேன். தராசுக்கு உயிர் வந்தது.

அடுத்தது நேரம். பற்றரி போன போர்ட் என்பதால் இன்டர்நெட்டில் நேரம் கேட்கும் எஸ்என்டிபி மூலம் மணி எடுக்க வைத்தேன். காலை 9 மணி பில்லில் முதல்நாள் இரவு 10 மணி! நேர வலயத்தைச் சொல்லும் டிஇசட் மாறியில் இலங்கைக்கு -5:30 என்று கொடுக்க வேண்டும். நான் +5:30 கொடுத்துவிட்டேன். 11 மணித்தியாலம் பின்னுக்கு.

486-ஐ நேரே வெளியே விடவில்லை. கோப்பு அனுப்பும் எப்டிபி கடவுச்சொல்லை அப்படியே திறந்து அனுப்பும். அதைப் பூட்டி அனுப்பும் இன்றைய டிஎல்எஸ் முறையை இந்தப் பெட்டி தாங்காது. அதனால் நடுவில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும் என்பதால், கடை பூட்டும்போது பில் புரோகிராமை மூடினால் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பேட்ச் கோப்பு ஓடிக் கணக்கை ராஸ்பெர்ரி பைக்குத் தள்ளும். மிச்சத்தைப் பை பார்த்துக்கொள்ளும்.

நேற்று இரவு முதல் கணக்கு வவுனியா போனது. பத்து நிமிடத்தில் முதலாளியின் அழைப்பு: பின்னேரம் ஒரு பில் ஏன் கான்சல்? நிறுக்கிற அண்ணை இன்று என்னோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை.